மச்சுப் பலகை

சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு சிறு யுத்தம் நடந்தது. யுத்தத்துக்குக் காரணம் பொன் அல்ல, மண்ணும் அல்ல, தரை.

கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில், கெடில நதிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. கொள்ளுத் தாத்தா கட்டியது. 2011-ஆம் வருஷக் கடைசியில் வந்த 'தானே' புயல் அதன் முன் தாழ்வாரத்து ஓடுகளைப் பறக்கவிட்டது. 2015-இல் பெய்த மழை கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தியது. இனிமேலும் தள்ளிப்போட்டால் வீடு நம்மைத் தள்ளிவிடும் என்ற நிலை வந்த பிறகு, பழுது பார்க்கத் துணிந்தோம். கீழ்த்தளத்தைப் பற்றித் தகராறு இல்லை. பழைய சிவப்புச் சிமெண்டுத் தரையையே திரும்பப் போடுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. மாடி அறை விஷயத்தில்தான் அபிப்பிராய பேதம்.

"மாடிக்கு மரத்தரை போடலாம்" என்றாள் என் மனைவி. கையில் ஒரு கடையின் படப் புத்தகம். தேன் நிறம், கோதுமை நிறம், சந்தன நிறம் என்று பலகைகளின் வண்ணங்கள் வரிசையாக அச்சிட்டிருந்தன. "எல்லாம் கதகதப்பான நிறம். பார்த்தாலே மனசுக்கு இதமாக இருக்கிறதே!"

"கடலூரில் கதகதப்புக்குப் பஞ்சமா?" என்றேன். "சித்திரை மாதத்தில் இந்த அறையில் நிறத்தையும் வேறு சூடாக்க வேண்டுமா?"

"கதகதப்பு கண்ணுக்கு. காலுக்கு இல்லை. அது தெரியாதவரா நீங்கள்?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பதில் அவள் சமர்த்து. அப்படிப்பட்ட கேள்வி வரும்போது விடையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் தேடக் கிளம்பிவிடுவது என் வழக்கம். "நம் நாட்டில் யாராவது தரைக்கு மரம் போட்டிருக்கிறார்களா? விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி நழுவினேன். எங்கள் கொல்லைக் கொட்டகையில் பத்து வருஷங்களுக்கு மேலாக அடுக்கிக் கிடக்கும் பலகைகளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விசாரணையை வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கினேன். கடலூர்க்காரனுக்கு அந்த வசதி உண்டு. நதியைத் தாண்டினால் மஞ்சக்குப்பம். கடலை நோக்கிப் போனால் தேவனாம்பட்டினம். 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு சேர்ந்து வரும் நிலம் எவ்வளவு? கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரையில்! நில அளவைச் சங்கிலி செய்ய வேண்டிய வேலையை வெடிமருந்து செய்த விசித்திரம் உலகத்தில் வேறெங்கும் அதிகம் நடந்திராது. குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். கோட்டைக்குச் செயிண்ட் டேவிட் என்று பெயரிட்டார்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது, சில வருஷ காலம் கோரமண்டலக் கரை முழுவதற்கும் இதுவே கம்பெனியின் தலைமை இடமாக இருந்தது.

சென்னை விழுந்ததும் அங்கிருந்து தப்பி இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். அவர் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது 1743-இல். வழியில் பிரேஸில் நாட்டுக் கரையில் கப்பல் தரை தட்டிவிட்டது. அங்கே மாதக் கணக்கில் முடங்கிக் கிடந்து, சென்னை வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதினெட்டு வயதுப் பையனுக்கு மாதக் கணக்கில் மரத்தின்மேல் நடை, மரத்தின்மேல் தூக்கம், மரத்தின்மேல் வாந்தி! இங்கே கரையிறங்கியதும் அவன் காலில் பட்டது என்ன? செங்கல்லும் சுண்ணாம்பும்.

இது எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. அவர்களுடைய தேசத்தில் மரத்தரை சகஜம். குளிருக்கு அது இதம். கப்பலிலும் மரத்தரை. கையில் பணம் இருந்தது, ஆள் பலம் இருந்தது. ஆனாலும் இந்தக் கரையில் வீடு கட்டும்போது நம் கொத்தனார் சொன்னதைத்தான் கேட்டார்கள். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, அரைத்து, அதைப் பளிங்கு போல் மெருகேற்றும் வித்தையைக் கண்டு அயல்நாட்டார் வியந்து எழுதியிருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் 'கார்டன் ஹவுஸ்' கம்பெனிக் கவர்னரின் வாசஸ்தலம். 1756-இல் கிளைவ் செயிண்ட் டேவிட் கோட்டையின் துணைக் கவர்னராகத் திரும்பி வந்தபோது அவர் பெயரும் அந்த மாளிகையோடு சேர்ந்துகொண்டது. பிற்காலத்தில் அது ஜில்லாக் கலெக்டரின் பங்களா ஆயிற்று. அதனால் கிளைவையே கடலூர் கலெக்டராக்கிவிட்டவர்களும் உண்டு! அந்த மாளிகையைப் பற்றி ஊரில் ஒரு பெருமை பேசுவார்கள். அதன் மேற்கூரைக்கு இரும்பும் இல்லை, மரமும் இல்லை. வெறும் செங்கல்லும் சுண்ணாம்புமே என்பார்கள். மரத்தில் மிதந்து வந்தவர்கள் தலைக்கு மேலே கூட மரம் வேண்டாமென்று இருந்திருக்கிறார்கள்.

கோட்டையின் கதை சீக்கிரமே முடிந்துவிட்டது. 1758 ஏப்ரல் மாதக் கடைசியில் புதுச்சேரியில் வந்து இறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, ஜூன் 2-ஆம் தேதிக்குள் செயிண்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து, இடித்துத் தரைமட்டமாக்கினார். 1761-இல் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர் அந்த ஊரை இடித்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள். பாவம், லாலிக்குத் தம் சொந்த தேசத்திலேயே 1766-இல் தலை போயிற்று. இப்போது தேவனாம்பட்டினத்தில் எஞ்சியிருக்கும் இடிபாடுகளைப் பார்க்கப் போனால் கையோடு வருவது கொஞ்சம் சுண்ணாம்புத் தூளும் உப்புக் காற்றும்தான்.

இந்த உப்புக் காற்றுதான் விஷயத்தின் மூலம். காற்றில் ஈரம் ஏறினால் பலகை அகலவாட்டில் உப்பும். ஈரம் இறங்கினால் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. ஐப்பசியில் உப்பி ஒன்றையொன்று தள்ளும் பலகைகள் வைகாசியில் சுருங்கி, இடுக்குகளில் எறும்புக்கு இடம் கொடுக்கும். போதாக்குறைக்குக் கறையான். நம் மண்ணில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் மரத்தைக் கறையான் பார்க்காமல் விடுவதில்லை. இதற்கெல்லாம் மேலே நம்முடைய பழக்கம் ஒன்று இருக்கிறது. குடம் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவித் தள்ளினால்தான் நமக்கு வீடு சுத்தமானதாகத் தோன்றும். அந்தத் தண்ணீருக்கு எந்த மரம் தாங்கும்?

ஆகவே நம்மவர்கள் மரத்தை உடம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்களே தவிர, காலுக்குக் கீழே வைத்துக்கொள்ளவில்லை. உட்கார மணை, ஆட ஊஞ்சல் பலகை, படுக்கக் கட்டில், தலைக்கு மேலே மச்சு. பெரியவர்கள் மரத்தை மிதித்தது பாதக்குறட்டில் மட்டுமே. அந்தப் பாதுகையைக்கூடப் பரதன் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்!

இந்த வாதத்தைக் கேட்ட என் மனைவி, "சரி. சிதம்பரத்து ஆசாரியாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றாள். எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல்களையெல்லாம் இரண்டு தலைமுறையாகப் பழுது பார்க்கிறவர்கள் அந்தக் குடும்பத்தார். மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

சிதம்பரத்துக்குப் போய்க் கோயிலைப் பார்க்காமல் ஆசாரியாரை மட்டும் பார்த்துவிட்டு வருகிற துணிச்சல் எனக்கு இல்லை. அன்றைக்கு, மரத்தையே நினைத்துக்கொண்டு போனதாலோ என்னவோ, பல தடவை பார்த்த விஷயம் புதிதாகக் கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய கற்கோயிலில், நான்கு பக்கமும் கல்லால் அடித்தளம் கொண்ட கோபுரங்களுக்கு நடுவே, எல்லாவற்றுக்கும் மூல காரணமான சிற்சபை மரத்தால் ஆனது! உயர்ந்த கல் பீடம். அதன்மேல் மரத் தூண்கள், மரச் சுவர்கள், குடிசை போல் இறங்கும் மரக் கூரை. அந்தக் கூரைக்குத்தான் சோழ மன்னன் முதற் பராந்தகன் பத்தாம் நூற்றாண்டில் பொன் வேய்ந்தான். ஓடுகள் 21,600, ஆணிகள் 72,000 என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சும், உடம்பில் ஓடும் நாடிகளும் அத்தனையாம். கல்லில் எதையும் செய்யத் தெரிந்த ஒரு நாட்டில், நடராஜருக்கு மட்டும் மரக் குடிலை விடாமல் வைத்துக்கொண்டிருந்தது ஏன்? முதன்முதலில் காட்டுக்குள் இருந்த குடிலின் வடிவத்தை விட மனம் வராமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் இங்கேயும் பாருங்கள்: மரம் சுற்றிலும் இருக்கிறது, தலைக்கு மேலே பொன்னோடு சேர்ந்து இருக்கிறது, அடியில் தாங்குவது கல்.

ஊரின் பெயர்க் கதை இதைவிட வேடிக்கை. தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். அந்த மரத்தை இப்போது பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்து உப்பங்கழிக்குத்தான் போக வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று படகுக்காரர்கள் எச்சரிப்பார்கள். உதிர்வதற்கு முன்னால் அதன் இலைகள் செக்கச் செவேலென்று ஆகும். என் மனைவி கேட்ட கதகதப்பான நிறம் அந்த இலையில் இருக்கிறது. மரமோ மென்மையான சாதி. ஒரு மரத்தின் பெயரால் அழைக்கப்படும் ஊரில் அந்த மரத்தால் ஒரு வாசற்படி செய்ய முடியாது.

ஆசாரியார் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "ஐயா சொல்றது கீழ்த்தரைக்குச் சரி. மாடிக்கு என்னங்க? உங்க மாடியே மரத்து மேலேதானே நிக்குது" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. நான் பிறந்து வளர்ந்த வீடு. அந்த அறையில் எத்தனையோ கதை எழுதியிருக்கிறேன். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதை அவர் அல்லவா எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது!

'மெட்ராஸ் டெரஸ்' என்ற கட்டுமானத்தை நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். உத்தரத்தின்மேல் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக, நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே நாள் கணக்கில் மரக் கட்டைகளால் தட்டுவார்கள். மேலே நடக்கிறவன் காலுக்குச் சுண்ணாம்பு. கீழே படுத்திருக்கிறவன் கண்ணுக்குத் தேக்கு. ஒரே தளம், இரண்டு பேருக்கு இரண்டு விதம்.

எங்கள் வீட்டு உத்தரங்கள் ரங்கூன் தேக்கு என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒன்றின் முனையில் இரும்புச் சுத்தியலால் அடித்த முத்திரைத் தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது; என்ன எழுத்து என்றுதான் புரிவதில்லை. சிறு வயதில் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போவேன். அந்தத் தழும்புக்குப் பின்னால் ஒரு ராஜ்யம் கவிழ்ந்த கதை இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கப்பல் கட்டத் தேக்கைப் போல வேறு மரம் கிடையாது. அதில் ஓடும் எண்ணெய்ப் பசை ஈரத்தையும் கறையானையும் அண்டவிடாது. மலபார்த் தேக்கை வெட்டித் தீர்த்துவிடுவோமோ என்ற கவலை வந்தபோதுதான், 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கு நடச் செய்தார். தேக்கு விதையை முளைக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விடாமல் முயன்று அதை ஒரு தோட்டமாக ஆக்கிக் காட்டியவர் சாத்து மேனன். இவர்கள் நட்டது பெரிதாவதற்குள் கம்பெனியாரின் கண் பர்மாவின்மேல் விழுந்துவிட்டது. 1852-இல் பெகு அவர்கள் வசமாயிற்று. அங்கே வெட்டும் முறையே தனி. நிற்கிற மரத்தின் அடியில் சுற்றிலும் பட்டையையும் வெளிக் கட்டையையும் வளையமாகச் செதுக்கி விட்டுவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே செத்து, இரண்டு மூன்று வருஷம் காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும், காய்ந்தால்தான் மிதக்கும். பிறகு வெட்டி, யானையை விட்டு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் ஆற்றில் தள்ளி, ரங்கூன் வரையில் மிதக்க விடுவார்கள். யாருடைய கட்டை என்று தெரிவதற்காகத்தான் அந்தச் சுத்தியல் முத்திரை.

வடக்கே மாண்டலேயில் திபா மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய காட்டில் குத்தகை எடுத்திருந்த ஆங்கிலக் கம்பெனி, வெட்டிய கட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிட்டது என்று மன்னரின் சபை பெரிய அபராதம் விதித்தது. அபராதத்தைச் சாக்காக வைத்து 1885-இல் படை புறப்பட்டது. சில வாரங்களில் மன்னர் கைதியானார். அவரைக் கொண்டுவந்து ரத்னகிரியில் வைத்தார்கள், அங்கேயே காலமானார். உள்ளுக்குள் வேறு காரணங்கள் இல்லாமல் இல்லை. பிரெஞ்சுக்காரர் அங்கே நுழைந்துவிடப் போகிறார்களே என்ற பயமும் இருந்தது. ஆனாலும் கட்டைக் கணக்கில் ஆரம்பித்து ராஜ்யத்தில் முடிந்த யுத்தம் அது.

அந்தப் பர்மாவில்தான் செட்டிநாட்டு நகரத்தார் கொடுக்கல் வாங்கலில் கொழித்தார்கள். அங்கே சம்பாதித்ததோடு அங்கத்துத் தேக்கையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் அந்த வீடுகளில் நுழைந்து பார்த்தால், கட்டிப் பிடிக்க முடியாத தேக்குத் தூண்களும், ஒரு கதையே செதுக்கியிருக்கும் நிலைகளும் மூச்சை முட்டும். குனிந்து தரையைப் பாருங்கள். இத்தாலியப் பளிங்கு, அல்லது ஆத்தங்குடிக் கல்! கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்கிற ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் மஞ்சளும் எந்த மரத்துக்குக் குறைந்த கதகதப்பு? பர்மாக் காட்டையே வாங்கக் கூடியவர்களும் மரத்தை மிதிக்கவில்லை. கன்யாகுமரி ஜில்லாவில் பத்மநாபபுரம் அரண்மனை சுவர், கூரை, தூண் என்று எங்கே பார்த்தாலும் மரமாக நிற்பது. அங்கேயும் பார்க்கிறவர்கள் பிரமித்து நிற்பது, முகம் பார்க்கலாம் போல மின்னும் கறுப்புத் தரையைக் கண்டுதான். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெண்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். நம்மவர்கள் லட்சக்கணக்கில் காடு மலை வழியாக நடந்து திரும்பினார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ. அதோடு பர்மா வாழ்க்கை போயிற்று. கட்டை மட்டும் பிறகும் வந்துகொண்டிருந்தது. 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உருட்டுக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை அந்த நாடு நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டத்தில் வளர்த்த தேக்கு இப்போது நம் மரவாடிகளுக்கு வந்து இறங்குகிறது. ஆனாலும் வாங்குகிறவர் வாயில் 'பர்மா' என்ற சொல்தான் இன்னும் இனிக்கிறது.

இவ்வளவையும் வீடு திரும்பியதும் சாங்கோபாங்கமாக எடுத்துச் சொன்னேன். சரித்திரம் முழுவதும் என் கட்சி என்று எனக்கு நிச்சயம். என் மனைவி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஆசாரியார் என்ன மரம் போடலாம் என்றார்?"

அவர் சொன்னதையும் சொல்ல வேண்டியதாயிற்று. தேக்கு: அறுத்த புதிதில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், வெளிச்சம் பட்டால் பொன்னிறத்துக்கு வரும், விலை கேட்டால் நம் முகம் வெளிறும். ஈட்டி: கறுப்புக்குப் போய்விடும், அறை இருட்டாகும். வேங்கை: நல்ல வைரம், நல்ல நிறம், ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். வேங்கை மரக் குவளையில் இரவு தண்ணீர் வைத்து, காலையில் நிறம் மாறியிருப்பதைச் சர்க்கரை வியாதிக்காரர்கள் குடிக்கிறார்களே, அதே சாயம். கடையில் விற்கிற தேன் நிறப் பலகையோ மரமே இல்லை. மரத்தூளை அமுக்கிய தட்டின்மேல் மரத்தின் போட்டோவை ஒட்டியது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"பலா என்று சொல்லவில்லையா?"

சொன்னார். சொன்னதை நான்தான் விட்டுவிட்டேன்.

நான் பிறந்த வருஷம் என் தாயார் பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் ஒரு பலாக் கன்று நட்டாள். பண்ருட்டிப் பலாப் பழத்தைப் பற்றி நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. பண்ருட்டிப் பலா மரத்தைப் பற்றிச் சங்கீதக்காரர்களுக்குத் தெரியும். தஞ்சாவூர் வீணையை அந்த மரத்தில்தான் குடைகிறார்கள், மிருதங்கத்துக்கும் அதுவே. வெட்டிய புதிதில் மரம் மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும். இலங்கையிலும் பர்மாவிலும் அந்த மஞ்சளை வேகவைத்து எடுத்துத்தான் புத்த பிக்ஷுக்கள் துவராடைக்குச் சாயம் ஏற்றினார்கள். குற்றாலத்தில் குறும்பலா தல விருட்சம்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் 'தானே' கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று. பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பலா நட்டவன் பலன் எடுக்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். விழுவதற்கு ஒரு காலைப் பொழுது போதுமாயிருந்தது. வாரம் முழுவதும் மர வியாபாரிகளின் லாரிகள் வந்தன. அத்தனை மரமும் ஒரே சமயத்தில் விழுந்ததால் அவர்கள் சொன்னதே விலை. எங்கள் மரத்துக்கும் கேட்டார்கள். என் தாயார் கொடுக்க மறுத்துவிட்டாள். வண்டி வைத்து அறுப்பு மில்லுக்குக் கொண்டுபோய், ஒன்றேகால் அங்குலப் பலகையாக அறுத்து, கொட்டகையில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கச் செய்தாள். "எதற்கு அம்மா?" என்று கேட்டேன். "கிடக்கட்டும், எதற்காவது ஆகும்" என்றாள். எதற்கு என்று சொல்லாமலே மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள்.

"கிளைவையும் திபா ராஜாவையும் கூட்டிக்கொண்டு வந்தீர்களே, அந்தப் பலகையைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்குத்தானே?" என்றாள் என் மனைவி.

"அம்மா நட்ட மரத்தை மிதிக்கச் சொல்கிறாயா?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அத்தை பெற்ற பிள்ளை தரையில்தானே தவழ்ந்தது" என்றாள் பிறகு. "வீணை செய்யலாம் என்றால் நம்மில் வாசிக்க யாரும் இல்லை. மேஜை, நாற்காலி எல்லாம் இருக்கிறது. கொட்டகையில் இன்னும் பத்து வருஷம் கிடந்தால் கறையான் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்."

மாசி மாதம் ஆசாரியார் மகனோடு வந்தார். கொட்டகையில் இருந்த பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, வெளிப்புறத்து வெண்மையான பாகம் வந்தவற்றையெல்லாம் கழித்தார். அவற்றில் புழு இருந்தது. வைரம் பாய்ந்தவை ஒன்றும் ஆகாமல் இருந்தன. பத்து நாள் மாடி அறையிலேயே அவற்றைப் பரப்பி வைத்தார். "இந்த அறைக் காத்து பழகணுங்க" என்றார். பிறகு சுண்ணாம்புத் தளத்தின்மேல் ரீப்பர் கட்டைகள் அடித்து, ஒரு பலகையின் விளிம்பில் பள்ளமும் அடுத்த பலகையின் விளிம்பில் அதில் பொருந்தும் நாக்குமாகச் செதுக்கிச் சேர்த்தார். சுவரோரம் நான்கு பக்கமும் அரை அங்குலம் இடைவெளி விட்டார். மரம் உப்பினால் ஒதுங்க இடம் வேண்டுமாம். அந்த இடைவெளியைச் சட்டம் வைத்து மறைத்தார்.

பத்து வருஷத்துக்கு மேல் கிடந்து மேலே பழுப்பேறியிருந்த பலகைகள், இழைப்புளி பட்டதும் உள்ளே பச்சை மஞ்சளாக இருந்தன. அறை முழுவதும் மஞ்சள். என் மனைவியின் முகம் வாடிவிட்டது. "இது என்ன, கல்யாண வீடு மாதிரி! நான் கேட்டது இந்த நிறம் இல்லையே?" என்றாள்.

"எண்ணெய் மட்டும் பூசி விட்டுடுறேன். சாயம் எதுவும் வேணாம்மா. வெயில் பார்த்துக்கும்" என்றார் ஆசாரியார்.

எனக்கு முதல் சில நாள் அந்த அறைக்குள் போகக் கால் எழவில்லை. போனால் சுவரோரமாக நடந்தேன். அப்புறம் ஒருநாள் பேனாவைத் தேடிக்கொண்டு அவசரத்தில் நடுவாக நடந்துபோய்விட்டேன். திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

வெயில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆடி மாதத்துக்குள் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே இருந்த பாகம் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. புரட்டாசியில் இன்னும் கொஞ்சம் சிவப்பு. ஐப்பசியில் இரண்டு பலகைகள் உப்பி முனகின, கார்த்திகையில் அடங்கின. சென்ற வாரம், முதலிலேயே விரித்து அப்படியே விட்டிருந்த கோரைப் பாயை என் மனைவி தூசி தட்ட எடுத்தாள். பாய் கிடந்த இடம் மட்டும், நீளச் சதுரமாக, இழைத்த அன்றைக்கு இருந்த மஞ்சளாகவே இருந்தது.

"பாயைத் திரும்பப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.